மாமா வேலைக்குப் போகிற கதவு

என் வீட்டுக்காரரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். மனுஷர் வாயைத் திறந்தால்தானே சொல்வதற்கு ஏதாவது கிடைக்கும்? வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர். அவர் தச்சர். கட்டில், மேசை, ஜன்னல் எல்லாம் செய்வார். ஆனால் ஆட்கள் அவரைத் தேடிக்கொண்டு வருவது அதற்காக இல்லை, ஒளித்துவைத்த கதவுகளுக்காக. புத்தக அலமாரியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் அலமாரியே கதவாகத் திறக்கும், பின்னால் ஒரு சின்ன அறை இருக்கும். ஆளுயரக் கண்ணாடியை ஓர் இடத்தில் அழுத்தினால் கண்ணாடி நகரும், உள்ளே ஒரு நாற்காலியும் விளக்கும் இருக்கும். மரக்கடையில் அவருக்கு மாயக்கதவு என்று பெயர். நான் போனால், மாயக்கதவு வீட்டம்மா வந்திருக்காங்க, நல்ல பலகையா எடு என்பார்கள்.

ரகசிய அறை என்றதும் தங்கக் கட்டியும் கொலைகாரனும் உங்கள் நினைவுக்கு வந்தால் அது சினிமா பார்த்த கோளாறு. இத்தனை வருஷத்தில் அப்படி ஒருத்தர்கூட வந்ததில்லை. வந்தவர்கள் எல்லாரும் நம்மைப் போலத்தான். விருந்தாளி வந்தால் வீட்டிலிருக்கிற குப்பையை அள்ளி எங்கே போடுவது என்று தவித்த ஒரு டீச்சர். யார் காதிலும் விழாமல் புல்லாங்குழல் பழக ஆசைப்பட்ட ஒரு பல் டாக்டர். அவர் வாசித்ததை நான் கேட்டிருக்கிறேன், ஒளித்துவைத்தது நல்ல காரியம். மூன்று பிள்ளைகளைப் பெற்ற ஓர் அம்மா, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கப் காப்பியைச் சூடு ஆறுவதற்குள் குடிக்கணும், வேறெதுவும் வேண்டாம் என்றாள். அவளுக்கு மட்டும் இவர், கேட்காமலே, ஒரு நல்ல சாய்வு நாற்காலி செய்து உள்ளே போட்டு வைத்துவிட்டு வந்தார்.

இந்தத் தொழிலில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. நான் வீடுகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள். கதவு வேலை முடிந்ததும், எந்த அறையில் என்று சொல்லாமல் என்னை அந்த வீட்டுக்கு அனுப்புவார். ஜன்னல் அளவெடுக்கிற சாக்கில் போய், அவர்கள் கொடுக்கிற டீயைக் குடித்துக்கொண்டே, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடுவேன். நான் கிளம்புவதற்குள் கதவு அகப்பட்டுவிட்டால் வேலை சரியில்லை என்று அர்த்தம். வீடு பெருக்கிப் பழகியவளிடம் எதையும் மறைக்க முடியாது. கனமான அலமாரி கொஞ்சம் இறங்கிப்போய்த் தரையில் வளைவாக ஒரு கீறல் போட்டிருக்கும். ஓர் இடத்தில் மட்டும் தூசி தங்காமல் இருக்கும், அடியில் காற்று வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம். இவரே திறந்து திறந்து பார்த்ததில், கை பட்ட இடம் மட்டும் பளபளவென்று இருக்கும். வீட்டுக்கு வந்து இன்ன இடம் என்று நான் சொன்னால் இவர் முகத்தில் ஈயாடாது, மறுநாள் காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். நான் தோற்றுப்போய் வந்தால் அன்றைக்குச் சாப்பாட்டில் இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொள்வார். பேச மாட்டார், சாப்பிடுவார்.

யார் வீட்டில் எங்கே கதவு இருக்கிறது என்பதை இவர் யாரிடமும் சொல்ல மாட்டார், அவருக்கு அது சத்தியம் மாதிரி. அதனால் எனக்கும் வாயைக் கட்டிப்போட வேண்டியதாயிற்று. அது எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். ஒரு தடவை நான் வெடித்துச் செத்திருப்பேன். ஒரு கணவர் வந்து, மனைவிக்குத் தெரியாமல் பீரோவுக்குப் பின்னால் ஒரு குட்டி அறை வேண்டும், மத்தியானத்தில் கொஞ்சம் தூங்கணும் என்றார். மனைவி ஊருக்குப் போயிருந்தபோது இவர் செய்து கொடுத்தார். சில மாதம் கழித்து அந்த மனைவி வந்து நின்றாள். கணவருக்குத் தெரியாமல் சமையலறை அலமாரிக்குப் பின்னால் ஓர் அறை வேண்டுமாம், நிம்மதியாகக் கதை படிக்கணுமாம். அந்த வீட்டில் மறைக்கிறதற்கு இருந்ததே, பீரோவுக்கும் சமையலறைக்கும் நடுவில் கணவர் தூங்குகிற அந்த ஓர் இடம்தான். இவர் திருதிருவென்று முழித்தார். முடியாது என்றால் ஏன் என்று கேட்பாள், முடியும் என்றால் உள்ளே கணவர் படுத்திருப்பார். கடைசியில் கணவரைத் தனியாகப் பிடித்து, சுவரில் ஈரம் இறங்குகிறது, அறையைக் கொஞ்சம் சின்னதாக்கணும் என்று சொல்லி, நடுவில் சத்தம் கேட்காத கனமான பலகைச் சுவர் ஒன்றை வைத்து, இரண்டு அறையாக்கிவிட்டு வந்தார். இன்றைக்கும் கணவர் இந்தப் பக்கம் தூங்குகிறார், அவள் அந்தப் பக்கம் படிக்கிறாள், இரண்டு பேரும் மற்றவர் வெளியே போயிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தெருவில் அந்தத் தம்பதியைப் பார்த்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன், இல்லாவிட்டால் சிரித்துவிடுவேன்.

எவ்வளவு கெஞ்சினாலும் இவர் விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்று உண்டு. எந்த அறை செய்தாலும், முடித்துக் கொடுப்பதற்கு முன்னால் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் கையால் தடவியே வெளியே வந்து பார்ப்பார். வெளியே எத்தனை மறைத்தாலும் உள்பக்கம் பெரிய கைப்பிடி இருக்கும், அதுவும் ஒரு குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில். அழகு கெட்டுப்போகுது, அதை எடுத்துடுங்க என்று ஒரு பெரிய வீட்டுக்காரர் சொன்னபோது இவர் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார். உள்ளே இருக்கிறவருக்குக் கதவு தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவருடைய சட்டம்.

அதற்குக் காரணம் உண்டு. சின்ன வயதில் ஒளிந்து விளையாடும்போது மாடிப்படிக்கு அடியில் இருந்த சாமான் அறைக்குள் இவர் போய் உட்கார்ந்திருக்கிறார். வெளியே தாழ்ப்பாள் தானாக விழுந்துவிட்டது. வீட்டில் ஆள் இல்லை. கத்திக் கத்தித் தொண்டை வற்றி, இருட்டில் எந்தப் பக்கம் கதவு என்றே தெரியாமல் சுவரைப் பிறாண்டிக்கொண்டிருந்தாராம். சாயங்காலம் வேலை முடிந்து வந்த அப்பா தேடிக் கண்டுபிடித்துத் தூக்கியிருக்கிறார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே, வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல், அந்தக் கதவைக் கீலோடு பெயர்த்து வாசலில் போட்டாராம். அந்த வீட்டில் அவர்கள் இருந்தவரைக்கும் அந்த அறைக்குக் கதவே வைக்கவில்லை.

அந்த அப்பாதான் என் மாமனார். மின்சார ஆபீஸில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்துக் கணக்கெடுக்கிற வேலை. வாழ்நாள் முழுக்க நடந்தவர். சட்டைப் பையில் பேனா, கையில் டார்ச், வாயில் ‘மீட்டர் எங்கம்மா இருக்கு?’ என்கிற ஒரே கேள்வி. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மாமியாரும் போன பிறகு எங்களோடு வந்து இருந்தார். நல்ல மனுஷர். நான் கல்யாணமாகி வந்த புதிதில் உப்பு அள்ளிக் கொட்டியதை எல்லாம் வாயைத் திறக்காமல் சாப்பிட்டவர். இவருக்கு அந்தக் குணம் அங்கேயிருந்துதான் வந்தது.

மாமாவுக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. முதலில் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பது, பிறகு சாப்பிட்டோமா என்பது, அப்புறம் மாமியார் இல்லை என்பது. கடைசியில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதையும் மறந்துவிட்டார். காலையில் எழுந்து சட்டையை மாட்டி, பேனாவைச் செருகி, டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விடுவார். ஒரு நாள் சந்தையில் கிடைத்தார். ஒரு நாள் பெரிய ரோட்டின் நடுவில் நின்றிருந்தவரை ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து கூட்டிக்கொண்டு வந்து விட்டார். அந்த டிரைவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். இன்னொரு நாள் யாரோ தெரியாதவர்கள் வீட்டுக்குள் போய் அவர்களுடைய மாடிப்படிக்குக் கீழே மீட்டரைத் தேடியிருக்கிறார். திருடன் என்று நினைத்து அடிக்கக் கையை ஓங்கிவிட்டார்களாம். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பூட்டிப் பார்த்தோம். பூட்டிய கதவைக் கண்டால் மாமாவுக்குத் தாங்கவில்லை. உள்ளே நின்றுகொண்டு கதவைத் தட்டினார். கை வீங்கும்வரை தட்டினார். ‘ஐயா, கரண்ட் ஆபீஸ்ல இருந்து வந்திருக்கேன். கதவைத் திறங்க ஐயா.’ சொந்த வீட்டுக்குள்ளே நின்றுகொண்டு அப்படிக் கேட்டார். நான் சமையலறையில் போய் அழுதேன். இவர் வந்து பூட்டைக் கழற்றித் தூர எறிந்தார். அதற்கப்புறம் ஒருவர் மாற்றி ஒருவர் வாசலில் காவல் உட்கார்ந்தோம். எனக்குத் தையல் நின்றது, அவருக்குப் பட்டறை நின்றது.

விஷயம் என் நாத்தனார் காதுக்குப் போயிற்று. இவருடைய அக்கா, தூரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். கண்டிப்பானவர். அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்ப்பதற்கு இடம் சொல்லி வைத்துவிட்டதாகவும், அடுத்த மாதம் லீவு போட்டுவிட்டு வந்து கூட்டிக்கொண்டு போகப்போவதாகவும் போனில் சொன்னார். அப்படி வெளியே போய் லாரியில் அடிபட்டவர்களை வார்டில் பார்த்திருக்கிறாராம், அப்பாவை அந்த மாதிரிப் பார்க்க முடியாது என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். தப்பாகச் சொல்லியிருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேனே.

இவர் போனை வைத்துவிட்டு அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அப்பா இவரைப் பார்த்து, எந்த ஏரியா தம்பி நீங்க என்று கேட்டார். அன்றைக்கு ராத்திரி இவர் சாப்பிடவில்லை.

நான்தான் சொன்னேன். ஊருக்கெல்லாம் கதவை மறைத்துக் கொடுக்கிறவர், நம் வீட்டு வாசல் கதவை உள்பக்கம் மறைத்தால் என்ன? அலமாரி மாதிரி ஆக்கிவிட்டால் மாமா அதைக் கதவு என்று நினைக்கவே மாட்டார், தட்டவும் மாட்டார். இதைச் சொன்னதும் இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏதோ கொலை செய்யச் சொன்ன மாதிரி.

‘உள்ள இருக்கறவங்களுக்குக் கதவு தெரியணும்’ என்றார்.

‘அப்போ உங்க சட்டத்தை வெச்சுக்கிட்டு அப்பாவை அனுப்பிடுங்க’ என்றேன். கோபத்தில் வந்துவிட்டது. இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், நானும் தூக்கி வைத்துக்கொண்டேன். மாமா மட்டும் நடுவில் உட்கார்ந்து சந்தோஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் இவர் ஒரு காரியம் செய்தார். மாமா டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் தடுக்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே நடந்து போனார். நான் அடிவயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். வெயில் ஏறின பிறகு இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். மாமாவைப் படுக்க வைத்துவிட்டு இவர் சமையலறைக்கு வந்தார். ஒரு வருஷத்துக்குப் பேச வேண்டியதை அன்றைக்கு ஒரே மூச்சில் பேசினார்.

‘அப்பா ஓடிப்போகல. வேலைக்குப் போறாரு. ரெண்டு மூணு வீட்ல எட்டிப் பார்க்கறாரு, அப்புறம் வீட்டுக்கு வரணும்னுதான் திரும்பறாரு. திரும்பற வழிதான் தெரியல. அங்கதான் நின்னு முழிக்கறாரு. அவருக்குப் போறதுக்கும் ஒரு கதவு வேணும், வர்றதுக்கும் ஒரு கதவு வேணும்.’

எங்கள் வீட்டுப் பக்கவாட்டில், வீட்டுச் சுவருக்கும் மதில் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கிற மாதிரி ஒரு சந்து உண்டு. எங்கள் மீட்டர் அங்கேதான் இருக்கிறது. அந்தச் சந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், சமையலறைக் கதவில் முடியும். கூடத்துச் சுவரில் இருந்த ஜன்னலைப் பெயர்த்து, அந்த இடத்தில் சந்துக்குப் போக ஒரு புதுக் கதவு வைப்பது. சந்தின் தெருப்பக்கத்தைப் பலகையால் அடைப்பது. வாசல் கதவை உள்ளேயிருந்து பார்த்தால் புத்தக அலமாரியாக ஆக்கிவிடுவது. மாமா புதுக் கதவு வழியாக வேலைக்குப் போவார், மீட்டர் பார்ப்பார், சுற்றிக்கொண்டு சமையலறைக் கதவு வழியாக வீட்டுக்கு வந்துவிடுவார். புதுக் கதவுக்குப் பூட்டும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை, எப்போது தள்ளினாலும் திறக்கும். அந்த ஒரு நிபந்தனையின் பேரில்தான் வாசலை மறைக்க அவருடைய மனது ஒப்புக்கொண்டது.

வேலை மடமடவென்று நடந்தது. அந்த அலமாரியைப் பற்றி நானே சொல்லக் கூடாது, அத்தனை அழகு. என் தையல் புத்தகங்களையும் ஒரு பூஞ்சாடியையும் அடுக்கி வைத்தேன். வாசல் கதவு அங்கே இருந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பழைய இரும்புக் கடையிலிருந்து கெட்டுப்போன மீட்டர் பெட்டிகளை வாங்கி வந்து, எண் ஓடுகிற மாதிரி உள்ளே பேட்டரி வைத்து, சந்துச் சுவரில் வரிசையாக மாட்டினார். ஒரே ஒரு மீட்டரைப் பார்த்துவிட்டு வருவது ஒரு வேலையா என்று கேட்டார். நடுவில் களைப்பாற ஒரு பெஞ்சும் போட்டார்.

எல்லாம் முடிந்த முதல் நாள் காலையில் மாமா சட்டை போட்டு, டார்ச்சோடு கூடத்துக்கு வந்தார். வாசல் பக்கம் பார்த்தார், அலமாரி. திரும்பினார். இந்தச் சுவர், அந்தச் சுவர் என்று குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றினார். சுவரைத் தடவினார். பிறகு கூடத்து நடுவில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

‘எல்லார் வீட்லயும் கதவு இருக்குமே, இந்த வீட்ல காணலியே’ என்றார்.

இவர் பேயறைந்த மாதிரி நின்றார். நான் புதுக் கதவைத் தேடினேன். எங்கே இருக்கிறது என்று தெரிந்த எனக்கே தடவித்தான் பார்க்க வேண்டியிருந்தது. நிலை தெரியாமல், இடுக்கு தெரியாமல், சுவரோடு சுவராக, அதே வெள்ளைச் சுண்ணாம்பு நிறத்தில் வழவழவென்று ஒரு கதவு. கைப்பிடி வேண்டிய இடத்தில், அழகாக இருக்கட்டும் என்று, நகம் நுழைகிற அளவுக்கு ஒரு குழி. பார்க்கிறதற்காகவே செய்த ஒரே கதவு, அதையும் மனுஷர் மறைத்துவிட்டார். வேண்டுமென்று செய்யவில்லை. கைக்கு வேறு விதம் தெரியவில்லை, பாவம்.

‘ஆயுசுல ஒரு கதவாவது கண்ணுக்குத் தெரியற மாதிரி பண்ணுங்களேன்’ என்று கத்தினேன். கத்திக்கொண்டே சிரித்துவிட்டேன். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அந்தக் கதவை நான் கையில் எடுத்துக்கொண்டேன். தண்ணீர்த் தொட்டிக்கு அடித்து மிச்சமிருந்த பெயிண்ட், கண்ணைப் பறிக்கிற நீலம். அதை இரண்டு பூச்சுப் பூசினேன். தடிமனாக ஒரு நிலை வைக்கச் சொன்னேன். கடையில் இருப்பதிலேயே பெரிய பித்தளைக் கைப்பிடியாக வாங்கி வந்தேன், குளியல் வாளியின் பிடி அளவு இருக்கும். இவர் அதைப் பொருத்தும்போது பல்லைக் கடித்துக்கொண்டு பொருத்தினார். அவர் வாழ்க்கையிலேயே அதைவிட அசிங்கமான கதவு செய்ததில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கீழே ஒரு மிதியடியும் போட்டேன்.

மறுநாள் மாமா வந்தார். நீலக் கதவைப் பார்த்தார். நேராகப் போய்க் கைப்பிடியைப் பிடித்துத் திறந்துகொண்டு, போயிட்டு வர்றேம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சமையலறைக்கு ஓடினேன். சந்தில் ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் நின்று, டார்ச் அடித்து, எண்ணைச் சத்தமாகப் படிக்கிற குரல் கேட்டது. பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். பிறகு சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு, நெற்றியைத் துடைத்தபடி உள்ளே வந்தார்.

‘வந்துட்டீங்களா மாமா? டீ போடட்டுமா?’ என்றேன்.

‘போடும்மா. அந்த மூணாவது வீட்ல மீட்டர் ஓடவே இல்ல. ஆபீஸ்ல சொல்லணும்’ என்றார். அவர் முகத்தில் வேலை முடித்து வந்தவரின் களைப்பு இருந்தது. அந்தக் களைப்பைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் பட்டறையில் வேலையாக இருப்பது போலப் பாவனை பண்ணிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சாப்பாட்டில் மூன்று கரண்டி கூடப் போட்டுக்கொண்டார்.

அப்படியே நாள் ஓடிற்று. சில நாள் மாமா காலையிலும் போவார், மத்தியானமும் போவார். மழை பெய்தால் குடை எடுத்துக்கொண்டு போவார். நானும் என் தையலை எடுத்தேன். நீலக் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

நாத்தனார் சொன்னபடி வந்து இறங்கினார். வாடகைக் காரில் வந்தார், டிரைவரை வெளியே காத்திருக்கச் சொல்லியிருந்தார். அப்பாவின் துணிகளுக்கென்று ஒரு பெட்டியும் கொண்டு வந்திருந்தார். மாமா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நாத்தனார் வாசல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, அதை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்து, அலமாரியைக் கையால் தடவினார். பிறகு நாங்கள் பயந்த கேள்வியைத் தம்பியிடம் கேட்டார்.

‘அப்பாவை ஏமாத்தறீங்களா?’

‘ஆமாக்கா’ என்றார் இவர். வேறு யாராவது என்றால் சுற்றி வளைத்துப் பேசியிருப்பார்கள்.

மாமா எழுந்து வந்தார். மகளைப் பார்த்து, வாங்க நர்ஸம்மா என்று கும்பிட்டார். நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா வழக்கம்போல நீலக் கதவில் போய்ச் சமையலறைக் கதவில் வந்து, டீ குடித்து, மூணாவது வீட்டு மீட்டரைப் பற்றிப் புகார் சொன்னார். நாத்தனார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனசு கரைந்தது எனக்குத் தெரிந்தது, ஆனால் தலையசைக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது எத்தனை நாளைக்கு ஓடும், ஒரு நாள் இந்த அலமாரி திறக்கிறதை அப்பா பார்த்துவிட்டால் என்ன பண்ணுவீர்கள், மறுபடியும் அதே ரோடுதானே என்றார். சின்ன வயதில் அப்பாவோடு வேலைக்குப் போகணும் என்று தினமும் அழுவாராம் நாத்தனார். ஆபீஸ் விஷயம், சின்னப் பசங்க வரக்கூடாது என்று அப்பா ஒரு நாள்கூடக் கூட்டிப்போனதில்லையாம். அதையும் அப்போதுதான், பெட்டியில் துணியை மடித்து வைத்துக்கொண்டே சொன்னார்.

பெட்டியை மூடிக் கூடத்துக்குக் கொண்டு வந்தோம். மாமா மறுபடியும் டார்ச்சை எடுத்துக்கொண்டு நின்றிருந்தார். அந்த நேரம் பார்த்து வெளியே காத்திருந்த டிரைவருக்குப் பொறுமை போயிற்று. தெருவிலிருந்து பார்த்தால் அது சாதாரண வாசல் கதவுதானே. போகலாங்களா என்று கேட்டுக்கொண்டே தள்ளிவிட்டார். புத்தகமும் பூஞ்சாடியுமாக அலமாரி முழுசாகத் திறந்தது. தெரு தெரிந்தது. வெயில் கூடத்துக்குள் விழுந்தது. மாமா அதற்கு நேரே நின்றிருந்தார்.

இவருடைய கை அப்பாவைப் பிடிக்க நீண்டு, பாதியில் நின்றுவிட்டது. மாமா மெல்ல நடந்து வாசலுக்குப் போனார். தெருவை எட்டிப் பார்த்தார். காரைப் பார்த்தார். பிறகு டிரைவரைப் பார்த்தார்.

‘தம்பி, அடுத்தவங்க வீட்டுக் கதவைத் தட்டாமத் திறக்கக் கூடாது’ என்றார். கண்டிப்பாக, ஆனால் மரியாதையாகச் சொன்னார். அலமாரியைத் தன் கையாலேயே இழுத்து மூடினார். பூஞ்சாடியை நேராக நகர்த்தி வைத்தார். எங்கள் பக்கம் திரும்பி, ‘இது நம்ம லைன் இல்ல. நம்ம லைன் அந்தப் பக்கம்’ என்று நீலக் கதவைக் காட்டினார்.

அதன் கைப்பிடியைப் பிடித்தவர் திறக்காமல் நின்றார். திரும்பி நாத்தனாரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

‘நீதானே தினம் வரேன் வரேன்னு அழுவே? வா பாப்பா. இன்னிக்குக் கூட்டிட்டுப் போறேன்.’

நாத்தனார் கையிலிருந்த பெட்டியை அப்படியே கீழே வைத்தார். அந்த வயதில், அந்தப் பதவியில் இருக்கிறவர், செருப்பைக்கூடப் போடாமல் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நீலக் கதவு வழியாகப் போனார். இவர் சுவரோரமாக உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான் சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். சந்தில் இரண்டு குரல் கேட்டது. மாமா டார்ச் அடிக்க, நாத்தனார் எண்ணைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தடவை தப்பாகப் படித்து மாமாவிடம் திட்டு வாங்கினார். பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

பிறகு சமையலறைக் கதவு திறந்தது. மாமா முன்னால் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். நாத்தனார் பின்னால் வந்தார், மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன.

‘வந்துட்டீங்களா அண்ணி? டீ போட்டுட்டேன்’ என்றேன்.

டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். உள்ளே வந்து நின்ற தம்பியை நிமிர்ந்து பார்த்தார்.

‘அந்த மூணாவது வீட்டு மீட்டரை ஓடற மாதிரி பண்ணிக் குடுடா. அப்பா எத்தனை நாளாச் சொல்லிட்டிருக்காரு’ என்றார்.

இவர் சரிக்கா என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரைத் தேடப் போனார். நான் இன்னொரு டம்ளரில் டீயை ஊற்றி வெளியே டிரைவருக்குக் கொண்டு போய்க் கொடுத்து, இனிமேல் காத்திருக்க வேண்டாம், நீங்கள் கிளம்பலாம் என்றேன்.